ரெண்டு சைக்கிளும் ஒரு மாமன் மடியும்

மர்பி டவுன், பெங்களூர்
1999 கார்த்திகை, வியாழக்கிழமை

மாட்சிமை பொருந்திய மாப்பிள்ளை, தங்கவயல் கிருஷ்ணப்பா அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் சம்சாரத்தின் ஒரே உடன்பிறந்த அண்ணன், மர்பி டவுன் நாராயணசாமி, கை கூப்பி (ஒரு கை மட்டும்தான், இன்னொரு கையில் நேத்து குத்தின ஊசி இன்னும் வலிக்கிறது) எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் சம்சாரம் காந்தாவும் சுகம். என் கிட்னி ரெண்டு மட்டும் சுகமில்லை, அதுங்களைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் நான் ரொம்பவே சுகம். அங்கே தங்கள் சுகமும், என் தங்கச்சி சுனிதாவின் சுகமும், என் மருமகள் ஸ்னேஹா குட்டியின் சுகமும் அறிய ஆவல். நாலாம் கிளாஸோட நின்னவன் எழுதறது, தப்பு இருந்தால் சுனிதாகிட்ட கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க, அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ, அந்த எட்டாவதை ரெண்டு தடவை படிச்சவ.

நீங்க போன மாசம் ஆள் மூலமா அனுப்பின வாழைத்தார் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை, கிட்னி போனவனுக்கு வாழைப்பழம் ஆகாதுன்னு உங்களுக்கு மூணு தடவை சொல்லியாச்சு. இளநீரும் ஆகாது. ஆனா இந்த வீட்டுக்குள்ள என்னைப் பாக்க வர்ற ஜனங்க அத்தனை பேரும் அந்த ரெண்டைத்தான் தூக்கிக்கினு வர்றாங்க. என் மேல இவ்வளவு பிரியம் வெச்சிருக்கறவங்களால எந்த நிமிஷம் எனக்கு உசிரு போகும்னு தெரியலை. தாரை காந்தா தெருவுக்கே பங்கு போட்டா. தெருவே உங்களை வாழ்த்துது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். உங்க லெட்டர் வந்தது. தை மாசம் முதல் ஞாயித்துக்கிழமை ஸ்னேஹாவுக்கு உங்க ஊர் மலைமேல முருகன் கோயில்ல மொட்டை போட்டுக் காது குத்தறதா வெச்சிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். அதுக்குக் கீழ எழுதியிருந்தீங்களே ஒரு வரி, "மச்சானுக்கு உடம்பு முடியாததால் அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம், அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, மாமன் முறைக்கு உமேஷ் குழந்தையைத் தோளில் தூக்கிப் படி ஏறி மடியில் வைத்துக்கொள்ளட்டும்" அப்படின்னு. அதை நான் ஒரு தடவை படிச்சேன். காந்தா நாலு தடவை படிக்க வெச்சா. மாப்பிள்ளை, நீங்க பூமிக்கு அடியில இறங்கி வேலை செய்யற மனுஷன், மேல நடக்கறது உங்களுக்கு லேட்டாதான் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா சுனிதா கல்யாணமாகி எத்தனை வருஷம் கழிச்சுப் பிறந்த குழந்தை அது! ஊர்ல ஒருத்தர் விடாம அவளைக் கேள்வி கேட்ட காலத்துல, "ஆகும் ஆகும், நான் மாமன் ஆகாம போக மாட்டேன்"னு அவகிட்ட அடிச்சுப் பேசினவன் நான். குழந்தை பிறந்த வேளை ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னவன் நான். இப்ப மாமன்னு கூப்பிட வேண்டிய நேரத்துல எனக்கு நாற்காலியா? அதுவும் எனக்குப் பதிலா யாரு, எங்க சித்தப்பா மகன் உமேஷ். ஜோகுபாளையத்துல டயர் கடை வெச்சிருக்கற உமேஷ். காலங்காத்தால வெள்ளை ஷூவும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கினு அல்சூர் ஏரியைச் சுத்தி வந்து, வந்ததை மத்தியானம் வரைக்கும் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு இருக்கற உமேஷ்.

நான் அழலை. காந்தா சொல்றா அழுதேன்னு. அவ பேச்சைக் கேக்காதீங்க.

இங்கதான் கதை ஆரம்பம். வாரத்துக்கு ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு என்னைக் கட்டிப் போடறாங்க இல்லையா, அந்த ஆஸ்பத்திரியில அனன்யான்னு ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ரொம்ப நல்ல பொண்ணு, தமிழு, கன்னடம், இங்கிலீஷு மூணையும் ஒரே வாக்கியத்துல பேசும். ஆடி மாசத்துல ஒரு நாள் நான் மெஷின்ல மல்லாந்திருக்கும்போது வந்து, "நாராயணசாமி அவரே, நீங்க சைக்கிள் ஓட்டுவீங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "ஓட்டுவேம்மா, இப்ப இந்த ஒயரையெல்லாம் கழட்டினா உடனே ஓட்டிக்கினு வீட்டுக்கே போயிடுவேன்." அது சிரிச்சுட்டு விளக்கமா சொல்லிச்சு. மனுஷன் உடற்பயிற்சி பண்ணும்போது அவன் உடம்புல ஹார்மோன்னு ஒண்ணு இல்லை, பல தினுசு ஏறுது இறங்குதாம். நல்ல கிட்னி இருக்கறவனுக்கு எப்படி ஏறுதுன்னு ஊர் உலகத்துக்கே தெரியுமாம். கிட்னி போனவனுக்கு எப்படி ஏறுதுன்னு இன்னும் சரியாத் தெரியலையாம், அதைக் கண்டுபிடிக்க ஒரே இடத்துல நிக்கற சைக்கிளை மிதிக்கச் சொல்லி முன்னாடி கொஞ்சம் ரத்தம், நடுவுல கொஞ்சம், பின்னாடி கொஞ்சம் எடுப்பாங்களாம். அப்புறம் சில மாசம் விடாம மிதிக்க வெச்சு மறுபடி பாப்பாங்களாம்.

ஹார்மோன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, ஆனா எனக்கு டாக்டரம்மா சொன்னதால இப்ப உங்களை விட எனக்குக் கொஞ்சம் கூடத் தெரியும், கேட்டுக்கங்க. நான் பியூனா இருக்கற ஆபீஸ்ல மேல மாடியிலேர்ந்து கீழ செக்ஷனுக்கு ஆர்டர் வருமே, அது மாதிரி. தலைக்குள்ள ஒரு சுரப்பி ஒரு ஆர்டர் போடும், வயித்துல ஒண்ணு போடும், கிட்னிக்கு மேலயே தொப்பி மாதிரி ஒண்ணு உட்கார்ந்துக்கினு "ஓடு, சண்டை போடு"ன்னு ஒரு ஆர்டர் போடும். கீழ கிட்னி படுத்துட்டாலும் மேல தொப்பி மட்டும் தன் பாட்டுக்கு வேலை பாக்குதாம், எங்க ஆபீஸ்லயும் சில பேரை எனக்குத் தெரியும். வேலை முடிஞ்ச பழைய ஆர்டர்ல சிலதைக் கிழிச்சு வெளிய போடறதும் கிட்னி வேலையாம். அது படுத்துட்டதால என் உடம்புல பழைய ஆர்டர் எல்லாம் அப்படியே குவிஞ்சு கிடக்குதாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சில ஹார்மோன் அளவுக்கு மேல நிக்குதாம், ஆனா சதை எதையும் காதுல போட்டுக்கறது இல்லையாம். "சர்க்கரையை உள்ள எடுத்துக்கோ"ன்னு ஆர்டர் வருது, எடுத்துக்க மாட்டேங்குது. "வளரு, கெட்டிப்படு"ன்னு ஆர்டர் வருது, கேக்க மாட்டேங்குது. நான் சொன்னேன், "அம்மா, இதுக்கு எதுக்கு ரத்தம் எடுக்கறீங்க, ஆர்டர் மேல ஆர்டர் வந்து குவியுது, ஒரு வேலையும் நடக்கலைன்னா அது எங்க ஆபீஸ், நானே எழுதிக் கொடுக்கறேன்." அது நான் சொன்னதைக் குறிச்சுக்கிச்சு. எதுக்குன்னு தெரியலை.

ஆம்பளை ஹார்மோனும் எனக்குக் கம்மியாம். இதை அந்தப் பொண்ணு வெள்ளந்தியா காந்தா பக்கத்துல உட்கார்ந்திருக்கும்போதே படிச்சுச்சு. காந்தா கொஞ்சமும் யோசிக்கலை, "அப்படியே இருக்கட்டும் மேடம், அது கம்மியானதுலேர்ந்துதான் வீட்ல சத்தம் கம்மி"ன்னுட்டா. பக்கத்து மெஷின்ல மயங்கிக் கிடந்தவர் கூட எழுந்து சிரிச்சார்.

இப்ப முக்கியமான இடம். இந்தச் சோதனையில ஒவ்வொரு நோயாளிக்கும் ஜோடியா, அதே வயசுல, கிட்னி நல்லா இருக்கற ஒரு ஆள் வேணுமாம். ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்ட வெச்சு எது ஏறுது எது இறங்குதுன்னு ஒத்துப் பாக்கணுமாம். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆரோக்கியமான ஆள் யாராவது இருக்காங்களா?"ன்னு கேட்டுச்சு. அப்பவே நீங்க சுனிதாகிட்ட உமேஷ் பேரை எடுத்துட்டீங்கன்னு எனக்குச் சேதி வந்திருந்தது, தங்கவயல் ரயில்ல சேதி ரயிலுக்கு முன்னாடி வந்து இறங்கும். என் வாய்லேர்ந்து "உமேஷ்"னு வந்துடுச்சு. மாப்பிள்ளை, அதைத்தான் நான் இன்னைக்கும் யோசிக்கறேன். மர்பி டவுன்ல ஆம்பளைங்களே இல்லையா? ஆனா எனக்கு என்ன தோணிச்சுன்னா, அவனுக்கு எதிர்ல, டாக்டருங்க சாட்சியா, அச்சடிச்ச பேப்பர்ல நான் ஜெயிச்சுட்டேன்னா நீங்க பதில் பேச முடியாது.

உமேஷ் உடனே ஒத்துக்கிட்டான். "அண்ணனுக்காக ரத்தம் கூடக் கொடுப்பேன்"னு டயர் கடை வாசல்ல நாலு பேர் கேக்கச் சொன்னான். ரத்தம் எடுக்கத்தான் கூப்பிடறாங்கன்னு அவனுக்கு அப்ப சரியா விளங்கலைன்னு நினைக்கறேன்.

முதல் நாள் வெள்ளிக்கிழமையா அமைஞ்சுபோச்சு. வெள்ளிக்கிழமையில ரத்தத்தை வெளிய கொடுக்கறதான்னு காந்தாவுக்கு ஒரு மனக்குறை. அதுக்கு மேல பத்தரை மணிக்கு ஆரம்பிக்கணும்னு டாக்டரம்மா சொல்லிடுச்சு, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்ன வரும்னு உங்களுக்கே தெரியும், ராகு காலம். "பத்தரைக்குள்ள ஒரே ஒரு மிதி மிதிச்சுடுங்க, ஆரம்பிச்சதா ஆயிடும், அப்புறம் ராகு வந்தா வரட்டும்"னு காந்தா சொல்லிக் கொடுத்தா. அங்க என்னடான்னா மிதிக்கறதுக்கு முன்னாடி ஆடாம அசையாம அரை மணி உட்காரணும், அந்த அமைதியான ரத்தம்தான் முதல் ரத்தமாம். நான் கடிகாரத்தைப் பாத்துக்கினே இருந்து, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பினதும் நைஸா ஒரு மிதி மிதிச்சேன். "அய்யோ, ரெஸ்ட் ஹோய்த்து, எல்லாம் போச்சு!"ன்னு டாக்டரம்மா ஓடி வந்துச்சு. "ராகு காலம் மேடம்"னேன். அது இங்கிலீஷ்ல ஒரு நாழி மூச்சு விட்டுட்டு, மறுபடி முதல்லேர்ந்து உட்கார வெச்சுச்சு. ஆக முழுசா ராகு காலத்துலதான் ஆரம்பிச்சோம்.

அந்த நர்ஸ் பேரு அன்னம்மாள், ரிச்சர்ட்ஸ் டவுன்காரங்க, கோயில் பாட்டுக்காரங்க மாதிரி மெதுவா பேசுவாங்க, ஆனா ஊசியை மட்டும் பேசாமலே போடுவாங்க. அவங்க வந்து எங்க ரெண்டு பேருக்கும் சொன்னாங்க, "பாருங்க, இது போட்டி இல்லை. இந்த டப்பா டிக் டிக்குன்னு அடிக்கும், அந்த அடிக்கு ஏத்த மாதிரி மெதுவா மிதிக்கணும், ரெண்டு பேரும் ஒரே வேகம்." நான் தலையாட்டினேன். உமேஷ் தலையாட்டினான். டப்பா டிக் டிக்குன்னு ஆரம்பிச்சது. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் ரெண்டு தேவதை மாதிரி மிதிச்சோம். அப்புறம் உமேஷ் வாயைத் திறந்தான்.

"ண்ணா, உனக்கு வேட்டி என்ன கரை பிடிக்கும்?"

"எதுக்குடா?"

"இல்ல, கிருஷ்ணப்பா மாமா மாமனுக்குப் பட்டு வேட்டி எடுக்கறேன்னாரு. எனக்கு மயில் கரை எடுக்கச் சொல்லியிருக்கேன். உனக்கும் சும்மா ஒண்ணு எடுக்கச் சொல்லட்டுமா, நாற்காலியில உட்கார?"

மாப்பிள்ளை, அந்த நிமிஷம் என் தொப்பி சுரப்பி போட்ட ஆர்டர் இருக்கே, அதை என் சதை முதல் தடவையா மதிச்சு நிறைவேத்திச்சு. டிக் டிக் டப்பா எங்கேயோ பின்னால போயிடுச்சு. நான் மிதிக்கறதைப் பாத்து அவன் மிதிக்க, அவன் மிதிக்கறதைப் பாத்து நான் மிதிக்க, ஒரே இடத்துல நிக்கற சைக்கிள் ரெண்டும் நகர ஆரம்பிச்சு சுவருக்குப் போயிடுச்சு. "நில்லிசி! நில்லிசி! ரெண்டு பேரும் ஸ்டாப்!"னு டாக்டரம்மா கத்துது. "விடாதீங்க!"ன்னு வாசல்ல நின்ன காந்தா கத்தறா. வார்டுல இருந்தவங்கள்ல பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் உமேஷ் பக்கம். ஒரு பெரியவர் சலைன் பாட்டிலைக் கையில பிடிச்சுக்கினே வந்து பாத்தார். உமேஷுக்கு வெள்ளை ஷூ லேஸ் பெடல்ல சிக்கிச்சு. நான் நின்னேன், ஏன்னா எனக்கு மூச்சு நின்னுடும் போல இருந்தது, ஆனா அவன் முதல்ல நின்னான். அதைக் குறிச்சுக்கங்க.

அப்ப அன்னம்மாள் நடு ரத்தம் எடுக்க ஊசியோட வந்தாங்க. முதல் ரத்தம் எடுக்கும்போது உமேஷ் கண்ணை மூடிக்கினு முருகா முருகான்னுக்கினு இருந்தான், அது பக்தின்னு நாங்க நினைச்சோம். இந்தத் தடவை கண்ணைத் திறந்து ஊசியைப் பாத்துட்டான். லாரி டயரை ஒத்தை ஆளா உருட்டற மனுஷன், சைக்கிள் மேலேர்ந்து மெதுவா, மரியாதையா, அன்னம்மாள் மேலயே சாஞ்சார். அப்புறம் அவரைப் படுக்க வெச்சு, என்னோட கட்டில்லதான் படுக்க வெச்சாங்க, வேற கட்டில் இல்லை, கிட்னி போன நான் நின்னுக்கினு கிட்னி இருக்கறவனுக்கு விசிறிட்டு இருந்தேன். "ண்ணா, குத்திட்டாங்களா?"ன்னு கேக்கறான். "இன்னும் இல்லடா"ன்னேன். மறுபடி மயங்கிட்டான். நான் செஞ்சது தப்புதான், ஆனா நீங்களா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பீங்க.

ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா அதை மேஜைமேல விரிச்சு வெச்சு நெத்தியைப் பிடிச்சுக்கினு உட்கார்ந்துக்கிச்சு. நல்ல மனுஷனுக்கு மிதிக்க மிதிக்க ஏறி, ஓய்வு எடுத்தா இறங்க வேண்டிய ஹார்மோன், உமேஷுக்கு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உச்சியில நிக்குதாம். "புலி துரத்தின ஆள் மாதிரி இருக்கார், இத்தனைக்கும் அப்ப அவர் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார்"னுச்சு. அவனோட பேப்பரையும் என்னோட பேப்பரையும் பேர் பாக்காம வெச்சா, நோயாளி அவன்தான்னு யாரா இருந்தாலும் சொல்லுவாங்களாம். பெரிய டாக்டர் வந்து பாத்தார். ரெண்டு பேப்பரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "இது புதுசா இருக்கு, வெளிநாட்டு மாநாட்டுல படிக்கலாம்"னு சந்தோஷமா போயிட்டார். டாக்டரம்மாவுக்குத்தான் மனசு கேக்கலை. நேர்மையான பொண்ணு, இன்னொரு தடவை ஒழுங்கா செய்வோம்னுச்சு. வேற ஆளைப் போட்டுக்கலாமேன்னா, ரத்தம்னு சொன்னதும் தெருவுல ஒரு ஆரோக்கியமான ஆளும் மிச்சமில்லை, எல்லாருக்கும் ஏதோ ஒரு வியாதி வந்துடுச்சு.

ரெண்டாவது தடவை நடுவுல பச்சைத் துணி கட்டித் தொங்க விட்டாங்க, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாம. பேசக் கூடாதுன்னு வேற சட்டம். வெறும் வயித்துல வரணும்னு ஒரு வாரம் முன்னாலயே படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டாங்க. எல்லாம் ஒழுங்கா நடந்தது, ரெண்டு பேரும் டப்பா அடிச்ச மாதிரியே மிதிச்சோம், உமேஷ் கண்ணுக்குக் கைக்குட்டை கட்டிக்கிட்டான், ரத்தம் எடுத்தாங்க, யாரும் விழலை. டாக்டரம்மா எனக்குக் கை கொடுத்துச்சு. நாலு நாள் கழிச்சுப் பாத்தா மறுபடி நெத்தியில கை. உமேஷுக்கு இப்ப வேற ஹார்மோன் கூரையைத் தொடுது, சர்க்கரைக்கு ஆர்டர் போடற அந்த வயித்து ஹார்மோன். பட்டினியில இருக்கறவனுக்கு அது தூங்கணுமாம்.

"உமேஷ் அவரே, அன்னைக்குக் காலையில ஏனாதரு சாப்பிட்டீங்களா?"

"இல்லை மேடம், சத்தியமா. டிபன்தான்."

விசாரிச்சா, டிபன் போட்டது என் வீட்டு அம்மா. எனக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கலை, வாசப்படியில காவல் நின்னா. ஆனா நம்ம வேலைக்காக விடிஞ்சதும் வீடு தேடி வந்த ஆளை வெறும் வயித்தோட எப்படி அனுப்பறதுன்னு அவனுக்கு மட்டும் அடுக்களையில உட்கார வெச்சு இட்லியும் வடகறியும் போட்டிருக்கா, கடைசியில கொஞ்சம் கேசரி. "சோதனை யாருக்கு? உங்களுக்குத்தானே? அவருக்கு என்ன வியாதியா, பட்டினி கிடக்க?"ன்னு டாக்டரம்மாவையே திருப்பிக் கேட்டா. இந்த உலகத்துல எவ்வளவோ பெரிய ஆராய்ச்சி நடக்குது, எங்க ஜனங்களை வெச்சு ஒண்ணே ஒண்ணு பண்ணிப் பாக்கச் சொல்லுங்க.

அதுக்கப்புறம் உமேஷை மரியாதையா அனுப்பிட்டாங்க. அவன் கடையில, "என் ஹார்மோனைப் பாத்து டாக்டருங்களே மிரண்டுட்டாங்க"ன்னு சொல்லிக்கினு இருக்கான், பொய்னு சொல்ல முடியலை. என்னை மட்டும் விடலை. மெஷின் இல்லாத நாள்ல காலையில போய் மிதிக்கறேன், ஆடியிலேர்ந்து கார்த்திகை வரைக்கும் விடலை, மழையிலயும் விடலை. போன வாரம் கடைசி சோதனை. டாக்டரம்மா உட்கார வெச்சுச் சொல்லிச்சு, "ஹார்மோன்ல பெரிய மாத்தம்னு சொல்ல முடியாது நாராயணசாமி அவரே, சர்க்கரை விஷயம் மட்டும் சொல்ப தேவலை. ஆனா உங்க கால்ல பலம் வந்திருக்கு." அதாவது ஆர்டர் குவிஞ்சது குவிஞ்சபடி இருக்கு, ஆனா கீழ செக்ஷன்ல ஒரு பியூன் மட்டும் எழுந்து வேலை பாக்க ஆரம்பிச்சுட்டான். எனக்கு அது போதும். முன்ன மூணு வீடு தள்ளிக் குழாயடிக்குப் போய் வந்தா உட்கார்ந்துடுவேன். இப்ப பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போய், பஸ் வராததால திரும்பியும் நடந்தே வர்றேன்.

ஆகையினால் மாப்பிள்ளை அவர்களே, இதன் மூலம் தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால்: டாக்டருங்க சாட்சியா நடந்த பந்தயத்தில் உமேஷ் முதலில் நின்றான், நான் ரெண்டாவதாக நின்றேன். உமேஷ் விழுந்தான், நான் விழவில்லை. மயில் கரை வேட்டி எனக்கு எடுக்கவும். சனிக்கிழமை மெஷினை முடிச்சுக்கினு ஞாயிறு முதல் ரயிலுக்கு நானும் காந்தாவும் வந்து இறங்குவோம். அடிவாரத்தில் குழந்தையை என் தோளில் வைக்கவும். நானே தூக்கிக்கொண்டு படி ஏறுவேன், நடுவில் யாரும் "மாமா, பரவாயில்லையா?" என்று கேட்கக் கூடாது. நாற்காலியை உமேஷுக்குப் போடவும், அவனுக்குத்தான் மயக்கம் வரும். ஜனவரி ஒண்ணாம் தேதி ரெண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டரெல்லாம் நின்னு என் மெஷினும் நின்னுடும்னு அவன் தெருவெல்லாம் சொல்றான், அதையும் நம்ப வேண்டாம். நான் தை மாசம் வரைக்கும் நிக்க மாட்டேன்.

குலதெய்வம் உங்க மூணு பேரையும் காப்பாத்தணும். ஸ்னேஹாவுக்கு ஆயுசும் அறிவும் நிறைஞ்சு, அவ அப்பன் மாதிரி அமுக்கமா இல்லாம மாமன் மாதிரி நாலு வார்த்தை பேசி வாழணும். சுனிதாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். உங்க முதுகுவலிக்குச் சைக்கிள் ஓட்டவும். எங்கள் இருவர் ஆசீர்வாதமும் எல்லாருக்கும் உரித்தாகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் ஒரிஜினல் மச்சான்,
நாராயணசாமி

பி.கு: மேலே இருக்கறதெல்லாம் வியாழக்கிழமை எழுதினது. கவரை ஒட்டலை. இன்னைக்குச் சனிக்கிழமை. மெஷின்ல இருக்கும்போது அன்னம்மாள்கிட்ட இந்த வீரத்தையெல்லாம் படிச்சுக் காட்டினேன். அவங்க ஊசியைச் சரி பண்ணிக்கினே, "அண்ணே, அன்னைக்கு உங்க சைக்கிள்ல பாரமே வைக்கலையே, நோயாளிங்களுக்கு ஸ்க்ரூவை லூஸா விட்டுத்தான் ஆரம்பிப்போம், உமேஷ் சாருக்குத்தான் முழுசா டைட் பண்ணியிருந்தோம்"னாங்க. ஆக, நான் காத்தை மிதிச்சு ஜெயிச்சிருக்கேன் மாப்பிள்ளை. அவன் மலை ஏறியிருக்கான். வீட்டுக்கு வந்து ஸ்னேஹா எடைக்கு அரிசி மூட்டை ஒண்ணு கட்டித் தோள்ல வெச்சு மொட்டை மாடிக்கு ஏறிப் பாத்தேன். பாதிப் படியில மூட்டையும் நானும் உட்கார்ந்துட்டோம். காந்தா வந்து முதல்ல மூட்டையை இறக்கினா, அப்புறம் என்னை. மூட்டையைப் பிரிச்சு அந்த அரிசியிலயே ராத்திரிக்கு உலை வெச்சா.

அதனால மேல எழுதினதை அடிச்சுடுங்க. குழந்தையை உமேஷே தூக்கிக்கினு படி ஏறட்டும். சீர் தட்டையும் அவனே சுமக்கட்டும், மயில் கரையும் அவனே கட்டட்டும், உடம்பு பூரா ஹார்மோன் வெச்சிருக்கான், செலவழிக்கட்டும். நான் சனிக்கிழமை மெஷின் முடிஞ்சதும் ராத்திரி ரயிலுக்கே வந்துடறேன், விடியறதுக்கு முன்னாலயே ஏற ஆரம்பிச்சு, உட்கார்ந்து உட்கார்ந்து, நீங்க வர்றதுக்குள்ள மேல போய்ச் சேர்ந்துடுவேன். நாற்காலி வேண்டாம், ஒரு பாய் போதும்.

ஆனா ஒண்ணு யோசிங்க மாப்பிள்ளை. ஆசாரி வந்து உட்கார்ந்து, தங்கக் கம்பியை எடுத்துக் குழந்தை காதுகிட்ட கொண்டு வர்ற நேரத்துல, அவளை மடியில வெச்சுக்கினு இருக்கறவன் யாரு? உமேஷா? முதல்ல குழந்தையைப் பிடிக்கறதா, அவனைப் பிடிக்கறதா? எங்க வம்சத்துல ஊசிக்குக் கண்ணை மூடாதவன் நான் ஒருத்தன்தான், வாரத்துக்கு ரெண்டு நாள் பழகறேன். எங்க வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும், எப்ப விட்டுடும்னு அவளுக்கு உள்ளது உள்ளபடி நான்தான் சொல்ல முடியும். மடியில வெச்சுக்க ஒரு ஹார்மோனும் தேவையில்லைன்னு டாக்டரம்மாவும் சொல்லிடுச்சு, கேட்டுட்டேன்.

ஸ்னேஹா போன தடவை இங்க வந்தப்ப, மெஷினுக்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தெச்ச என் இடது கை புர்ர்ருன்னு துடிக்கறதைத் தொட்டுப் பாத்துட்டு, அதுமேல காதை வெச்சு, "மாமா கையில ஆட்டோ ஓடுது"ன்னு ரொம்ப நேரம் கேட்டுக்கினு இருந்தா. ஒரு காதை அந்த ஆட்டோமேல வெச்சுக்கட்டும். இன்னொரு காதை ஆசாரி பாத்துக்கட்டும். அப்புறம் திருப்பிப் படுக்க வெச்சுக்கலாம்.